3062 என்று ஒரு துவக்கு இல்லை

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
2024 பெப்ரவரி 5

திரு. ச. யோகநாதன் அவர்களுக்கு,

உங்களை எனக்குத் தெரியாது. உங்கள் முகவரியைப் பத்திரிகை அலுவலகத்தில் கேட்டு வாங்கினேன். முதலில் தர மறுத்தார்கள். இரண்டு மணித்தியாலம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், தந்தார்கள்.

ஜனவரி 28ஆம் திகதி ஞாயிறு இதழில் பழைய துவக்குகளின் குறிகளைப் பற்றி நீங்கள் ஒரு கட்டுரை எழுதியிருந்தீர்கள். அதிலிருந்து நான்கு வரிகளை இங்கே அப்படியே எழுதுகிறேன், நீங்கள் எழுதியதை நீங்களே இன்னொரு முறை வாசிப்பதற்காக:

"1985 ஜூனில் கொழும்பில் அரச களஞ்சியக் காவற்பிரிவு ஒன்றின் ஆயுத அறையிலிருந்து 7719ஆம் இலக்கத் துவக்கு வடக்கே இயக்கத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. எண்ணிக்கை குறையாதிருக்க அதன் இடத்தில் 3062 என்ற வேறொரு துவக்கு வைக்கப்பட்டிருந்தது. அந்த ஆயுதக் காப்பாளர் கெட்டிக்காரர் என்பதில் சந்தேகமில்லை. அந்த 3062ஐச் சென்ற மாதம் பேலியகொடையில் என் கண்ணால் கண்டேன்."

அந்த ஆயுதக் காப்பாளரின் பெயர் கிளறன்ஸ். அவர் என் அப்பா. வயது எண்பத்தைந்து. உயிரோடு இருக்கிறார். இதை எழுதும்போது பக்கத்து அறையில் வானொலி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

7719ஐ அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. 3062ஐ எங்கிருந்தும் கொண்டுவந்து வைக்கவில்லை. இதை அவர் 1985 முதல் சொல்லி வருகிறார். பதினொரு மாதம் தடுப்பில் இருந்தபோதும் சொன்னார். வேலையை விட்டு நீக்கிய கடிதத்தை வாங்கும்போதும் சொன்னார். அண்ணன் நோபேட்டைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்திருந்தார்களே, அப்போதும் சொன்னார்.

உங்கள் கட்டுரை வந்த அன்று பூசை முடிந்து வெளியே வரும்போது ஒருவர் ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அங்கிள், அந்தக் காலத்திலயே நீங்க பெரிய வேலை பாத்திருக்கிறீங்க. நாங்க உங்கள சும்மா ஆளெண்டு நினைச்சிட்டம்." முப்பது வருடங்களுக்கு முன் இதே ஆள் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்கொண்டு போனவர். அன்று செய்யாத குற்றத்துக்கு என் அப்பா திட்டு வாங்கினார். இன்று அதே செய்யாத குற்றத்துக்குப் பாராட்டு வாங்கினார். எது பெரிய அவமானம் என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கட்டுரையை மறுத்து அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். என்னைத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம். என் அப்பா 1985இல் வாயால் சொன்ன எதுவும் இன்று இல்லை. தாளில் இருந்தது மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. பதிலைத் தாளில் தாருங்கள்.

இமெல்டா


வெள்ளவத்தை,
கொழும்பு 06.
2024 பெப்ரவரி 12

அன்புள்ள தங்கச்சி இமெல்டாவுக்கு,

உங்கள் பதிவுத் தபால் கிடைத்தது. தகப்பனார் மீது உங்களுக்கு உள்ள பற்றை மதிக்கிறேன். கட்டுரையில் அவருடைய பெயரை நான் எழுதவில்லை என்பதை மட்டும் முதலில் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

நான் என்ன செய்கிறேன் என்பதை விளக்கினால் நீங்கள் விளங்கிக்கொள்வீர்கள். பிற நாடுகளில் படைகள் கழித்துவிட்ட பழைய துவக்குகளை வாங்கிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே சட்டம் அதற்கு இடம் தராது, தரவும் வேண்டியதில்லை. நான் துவக்குகளைச் சேர்ப்பதில்லை, அவற்றின் குறிகளைச் சேர்க்கிறேன். மெல்லிய தாளை உலோகத்தின் மீது வைத்து மென்மையான பென்சிலால் தேய்த்தால் குறி தாளில் ஏறிவிடும். பள்ளிக்கூட மாணவர் படையணிகளின் அணிவகுப்புத் துவக்குகள், படக் கம்பனிகளின் நாடகத் துவக்குகள் என்று முப்பத்திரண்டு வருடங்களாக அனுமதி கேட்டுக் கேட்டு எடுத்த படிகள் ஒன்பது கொப்பிகளில் உள்ளன.

இந்தக் குறிகளை வாசிக்கத் தெரிந்தால் ஒரு துவக்கின் முழு வாழ்க்கையும் தெரியும். எந்தத் தொழிற்சாலை, எந்த வருடம், எத்தனை முறை பரிசோதனை, எப்போது பழுது. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால் அது பிரித்தானியப் படையிலிருந்து விற்றுக் கழித்தது. ஒரு பாகத்தை மாற்றினால் பழைய இலக்கத்தின் மேல் ஒரு கோடு போட்டு, அருகில் புதிய இலக்கத்தை அச்சுக் குத்த வேண்டும். மனிதர்கள் ஞாபகத்தில் பிழை விடுவார்கள். உருக்கில் குத்திய இலக்கம் பிழை விடாது.

பேலியகொடையில் ஒரு படக் கம்பனியின் சாமான் களஞ்சியம் இருக்கிறது. சுடமுடியாதபடி துளையிட்டு, போல்ட்டை ஒட்டுவேலை செய்து மூடி, தொண்ணூறுகளில் அரசு விற்ற பதினான்கு துவக்குகள் அங்கே உள்ளன. அவற்றில் ஒன்றில் 3062 என்று இருக்கிறது. என் கையாலேயே படி எடுத்தேன். அதன் நிழற்பிரதியை இத்துடன் வைக்கிறேன். முன்னால் வரும் ஆங்கில எழுத்துகளைக் கட்டுரையில் விட்டுவிட்டேன், இலக்கம் அதுவே.

வயோதிபத்தில் தகப்பனாருக்கு மனக்கஷ்டம் தந்திருந்தால் வருந்துகிறேன். ஆனால் இருந்ததை இருந்தபடி எழுதினேன். அதை மறுத்து எழுத என்னால் இயலாது.

அன்புடன்,
ச. யோகநாதன்


கொட்டாஞ்சேனை
2024 பெப்ரவரி 19

திரு. யோகநாதன் அவர்களுக்கு,

என்னைத் தங்கச்சி என்று எழுத வேண்டாம். எனக்கு ஓர் அண்ணன் நீர்கொழும்பில் இருக்கிறார். அவரே போதும்.

நிழற்பிரதியை அப்பாவிடம் கொடுத்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கேட்டார். எடுத்து வருவதற்குள் சொல்லிவிட்டார்.

"மகள், இது துவக்குட இலக்கமில்ல. போல்ட்டுட இலக்கம். பாரும், வரி வளைஞ்சு போகுது. தட்டையான இடத்தில எடுத்திருந்தா நேராத்தான் வரும்."

நான் பார்த்தேன். வளைந்துதான் போகிறது. முப்பத்திரண்டு வருடம், ஒன்பது கொப்பி. உங்களுக்கு அது தெரியவில்லையா?

உங்களுக்குத் தெரிந்ததை உங்களுக்கே எழுதுகிறேன், தாளில் இருக்கட்டும் என்பதற்காக. ரவையை உள்ளே தள்ளி மூடுகிற உருளைத் துண்டுதான் போல்ட். கழற்றி எடுக்கலாம், மாற்றலாம். துவக்கின் சொந்த இலக்கம் அதில் இல்லை. மரப்பிடி வந்து சேருகிற இடத்தில், இரும்புக் கழுத்தின் இடப்பக்கத்தில் இருக்கிறது. அதை மாற்ற முடியாது. அப்பா சொல்வது: 7719இன் போல்ட் தலை வெடித்துவிட்டது. வெடிவிபத்தில் சிதைந்து கழித்துவிட்ட இன்னொரு துவக்கின் நல்ல போல்ட் பெட்டியில் கிடந்தது. அதை எடுத்துப் போட்டார். அதில் 3062 என்று இருந்தது. துவக்கு அதே 7719தான், துவக்குகள் நிறுத்தும் ராக்கையில் அதே இடத்தில்தான் நின்றது.

ஜூன் 15ஆம் திகதி சனிக்கிழமை திடீர்ப் பரிசோதனைக்கு வந்தவர்கள் போல்ட்டில் இருந்த இலக்கங்களை வாசித்து எழுதிக்கொண்டு போனார்கள். 7719 இல்லை, 3062 எங்கிருந்தோ வந்திருக்கிறது என்று முடிவு செய்தார்கள். "கழுத்தைப் பாருங்க சேர்" என்று அப்பா கத்தியிருக்கிறார். விசாரணையிலும் அதையேதான் சொன்னார். 7719 பட்டியலில் இல்லை என்று மட்டும் பதில் வந்தது.

3062 என்று ஒரு துவக்கு இல்லை, திரு. யோகநாதன். அது ஒரு போல்ட். என் கேள்வி ஒன்றே ஒன்று. நீங்கள் பேலியகொடையில் பார்த்த அந்தத் துவக்கின் கழுத்தில் என்ன இலக்கம் இருக்கிறது?

இமெல்டா


வெள்ளவத்தை
2024 பெப்ரவரி 24

திருமதி இமெல்டா அவர்களுக்கு,

நான் தேய்த்தெடுத்தது போல்ட் பிடியின் பின்பக்கம்தான். அதை ஒப்புக்கொள்கிறேன். கட்டுரையில் அதைத் தெளிவாகக் குறிப்பிடாதது குறைதான்.

கழுத்தின் இடப்பக்கம் பார்வைக்கு எட்டவில்லை. படப்பிடிப்பில் பளபளக்கக்கூடாது என்று அந்தத் துவக்குகள் முழுவதற்கும் கறுப்புப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். மேலும், அவை வரிசையாக ஒரு சங்கிலியில் கோத்து நிறுத்தப்பட்டிருக்கின்றன. இடப்பக்கம் அடுத்த துவக்கோடு ஒட்டியிருக்கிறது. இத்தகைய நிலையில் போல்ட்டின் இலக்கத்தைப் பதிவது சேகரிப்பாளர்களிடையே வழக்கத்தில் இல்லாத காரியமல்ல.

மீண்டும் போய்ப் பார்ப்பது எளிதல்ல. களஞ்சியப் பொறுப்பாளர் ரிஸ்கான் என்பவர் நல்ல மனிதர், ஆனால் நாடகத் துவக்குகளை எல்லாம் கையளிக்கும்படி அவர்களுக்குப் புதிய உத்தரவு வந்திருக்கிறது. மார்ச் 15ஆம் திகதி லொறியில் ஏற்றி வெட்டுவதற்குக் கொண்டு போகிறார்கள். அதற்கு முன் வெளியாரை உள்ளே விட அவருக்குத் தயக்கம் இருக்கும். எனக்கும் அறுபத்தெட்டு வயது. முழங்கால் சுகமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழுத்தில் வேறு ஏதாவது இலக்கம் இருந்தாலும்கூட, நாற்பது வருடத்தில் எத்தனையோ கை மாறிய ஒரு பொருளை வைத்து எதையும் அறுதியாக நிறுவ முடியாது. நடந்தது நடந்துவிட்டது. உங்கள் தகப்பனாரின் அமைதிக்காகவாவது இதை இத்துடன் விட்டுவிடுவது நல்லது என்று கருதுகிறேன்.

ச. யோகநாதன்


கொட்டாஞ்சேனை
2024 பெப்ரவரி 28

யோகநாதன்,

"சங்கிலியில் கோத்து. இடப்பக்கம் அடுத்த துவக்கோடு ஒட்டி."

1985இல் அந்த ஆயுத அறையிலும் துவக்குகள் இப்படித்தான் நின்றன என்று அப்பா சொல்லியிருக்கிறார். இந்த வரியை வாசித்தபோது எனக்கு வேறொரு தாள் ஞாபகம் வந்தது. அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். குற்றப்பத்திரிகையோடு தந்த பரிசோதனைப் பட்டியலின் பிரதி அதில் இருக்கிறது. நாற்பது இலக்கங்கள். கையெழுத்தில். கீழே: பரிசோதித்தவர், ஓர் அதிகாரி, அவர் செத்துவிட்டார். எழுதியவர்: ச. யோகநாதன், இலிகிதர்.

வெள்ளவத்தையில் யோகநாதன்மார் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று முதலில் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பிறகு உங்கள் கடிதங்களையும், எங்கள் வீட்டு இலக்கத்தை நீங்கள் எழுதிய உறைகளையும் பக்கத்தில் வைத்தேன். ஏழு எழுதும்போது நடுவில் ஒரு சின்னக் குறுக்குக் கோடு போடுகிறீர்கள். ஒன்றின் காலில் ஒரு பாதம் வைக்கிறீர்கள். நான் இருபத்தாறு வருடமாகக் கோவில் அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேடு எழுதுகிறேன். எனக்கு முன் எழுதிய ஏழு பேரின் கையெழுத்தையும் பிரித்துச் சொல்வேன். என்னிடம் வேண்டாம்.

சாட்சியாகவும் வந்திருக்கிறீர்கள். விசாரணைக் குறிப்பில் ஒரே வரி: "பட்டியல் துவக்குகளைப் பார்த்து எழுதப்பட்டது என மூன்றாம் சாட்சி உறுதி செய்கிறார்."

துவக்குகளைப் பார்த்து!

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் வெறும் கட்டுரை எழுதிய ஒரு கிழவர் என்று நினைத்துத்தான் இவ்வளவு நாளும் கோபப்பட்டேன். அந்தக் கோபம் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு சின்னக் கோபம் அது.

அமைதியைப் பற்றி நீங்கள் எனக்கு எழுதுகிறீர்கள். மார்ச் 15க்கு இன்னும் பதினாறு நாள். முழங்காலில் நோவு இருந்தால் ஓட்டோவில் போங்கள். அந்தக் கழுத்தைப் பாருங்கள்.

இமெல்டா


வெள்ளவத்தை
2024 மார்ச் 9

திருமதி இமெல்டா அவர்களுக்கு,

அந்த யோகநாதன் நான்தான்.

ஐந்து கடிதங்கள் எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது. நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

1985 ஜூன் 15ஆம் திகதி காலை பத்தரை மணிக்கு என்னை அந்த அதிகாரி ஜீப்பில் கூட்டிப் போனார். எனக்கு இருபத்தொன்பது வயது. அந்த அலுவலகத்தில் நான் ஒருவன்தான் தமிழன். ஆயுத அறையில் உங்கள் தகப்பனாரும் தமிழர். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதில் மிகக் கவனமாக இருந்தோம். துவக்குகள் சங்கிலியில் நின்றன. சங்கிலிப் பூட்டின் திறப்பு தகப்பனாரிடம் இருந்தது. அதிகாரி அவரை வெளியே நிறுத்தினார், திறப்பையும் கேட்கவில்லை. நிற்கிற நிலையில் கண்ணுக்குத் தெரிகிற இலக்கம் போல்ட் பிடியில்தான் இருந்தது. அவர் வாசித்தார், நான் எழுதினேன். நாற்பதுக்கும் இருபது நிமிடம் எடுத்தது. தகப்பனார் வாசலில் நின்று "கழுத்தைப் பாருங்க" என்று சொன்னது எனக்குக் கேட்டது. பதற்றத்தில் தமிழில் சொன்னார். அதிகாரிக்கு அவ்வளவு தமிழ் தெரியாது. "என்ன சொல்றான்?" என்று சிங்களத்தில் என்னிடம் கேட்டார். "ஒண்டுமில்லை சேர்" என்றேன்.

ஒரு தமிழனுக்காக இன்னொரு தமிழன் வாய் திறந்தால் என்ன ஆகும் என்று அன்று நினைத்தேன். இதை நியாயம் சொல்வதற்காக எழுதவில்லை. நினைத்தேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

1991இல் புறக்கோட்டை நடைபாதையில் துவக்குக் குறிகளைப் பற்றிய ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. துவக்கின் இலக்கம் கழுத்தில் உள்ளதே, போல்ட் மாறக்கூடியது என்று எட்டாம் பக்கத்தில் இருந்தது. புத்தகத்தை மூடினேன். அடுத்த வருடம் திரும்பவும் திறந்தேன். என் ஒன்பது கொப்பிகளும் அங்கேதான் தொடங்கின. மற்றவர்களிடம் வரலாற்று ஆர்வம் என்று சொல்லி வந்தேன்.

சென்ற டிசம்பரில் பேலியகொடையில் 3062ஐக் கண்டபோது எனக்கு வந்தது சந்தோஷம். அப்படி ஒரு துவக்கு உண்மையாக இருக்கிறது, என் பட்டியல் சரி என்று தோன்றியது. கழுத்துக்குப் பெயின்ற் அடித்திருந்தது என்று உங்களுக்கு எழுதினேன். அந்தப் பெயின்ற் நகத்தால் சுரண்டினாலே உரிந்துவிடும். நான் சுரண்டவில்லை. வீட்டுக்கு வந்து கட்டுரை எழுதினேன்.

நேற்றுப் போனேன். ரிஸ்கான் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சேர், திரும்பவும் வந்தீங்க? போன தடவையும் இந்த ஒண்டையே கட்டிப் புடிச்சிட்டு நிண்டீங்க. இது என்ன, உங்கட சொந்தக்காரனா?"

"ரிஸ்கான், சங்கிலியைக் கழட்ட வேணும்."

"எல்லாம் வெட்டப் போற சாமான். இதுல போய் என்ன பாக்கப் போறீங்க?"

"கழுத்தைப் பாக்கப் போறன்."

ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு திறப்பை எடுத்துவந்து கழற்றினார். தின்னரும் பழந்துணியும் அவரே தந்தார். மூன்று முறை துடைத்ததும் இலக்கம் வந்தது. தட்டையான இடம், நேர் வரி. 7719.

அந்தத் துவக்கு வடக்கே போகவில்லை. எங்கேயும் போகவில்லை. அரச களஞ்சியத்திலேயே கிடந்து, மற்றவற்றோடு கழித்து விற்கப்பட்டிருக்கிறது. கை மாறிய பொருளை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று எழுதியிருந்தேன். அதுவும் பிழை. போல்ட்டை உடலோடு ஒட்டுவேலை செய்துதான் விற்றார்கள். 3062 போல்ட் இன்றும் 7719இன் உடலுக்குள்தான் இருக்கிறது, உங்கள் தகப்பனார் சொன்னபடியே.

இத்துடன் மூலப் படிகள் இரண்டையும் அனுப்புகிறேன். ஒன்று கழுத்து, மற்றது டிசம்பரில் எடுத்த போல்ட். நிழற்பிரதியில் விழாத ஒன்று இந்தப் போல்ட் படியில் மெல்லியதாகத் தெரியும். 3062க்கு மேலே சாய்ந்த ஒரு கோடும் அதன் தலையில் ஒரு சிறு கோடும். கொப்பியில் அதற்குக் கீழே "கீறல்" என்று எழுதி வைத்திருந்தேன். நேற்று விரலால் தடவிப் பார்த்தேன். கீறல் அவ்வளவு ஆழமாக இருக்காது. அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. தகப்பனாரிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை.

மன்னிப்பு என்ற சொல்லை இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. நீங்கள் அதை மேசையில் வைத்துப் பார்த்துச் சிரிப்பீர்கள் என்று பயமாக இருக்கிறது.

ச. யோகநாதன்


கொட்டாஞ்சேனை
2024 மார்ச் 14

யோகநாதன் அவர்களுக்கு,

சிரித்திருக்க மாட்டேன். கிழித்திருப்பேன்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு முழுதாக வாசித்தேன். "ஒண்டுமில்லை சேர்" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "ஓம், ஒரு மெல்லிசான பொடியன். கண்ணாடி போட்டிருந்தவன்" என்றார். அவ்வளவுதான். தொடர்ந்து வாசிக்கச் சொன்னார்.

பிறகு படிகளைக் கேட்டார். கழுத்தின் படியை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். அதில் அவருக்குப் புதினம் ஒன்றும் இல்லை. அந்த இலக்கம் எங்கே இருக்கிறது என்று நாற்பது வருடமாகத் தெரிந்த ஆள் அவர். போல்ட் படியைத்தான் கையில் வைத்துக்கொண்டிருந்தார். யன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் சரித்துச் சரித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இது கீறலில்ல, மகள். ஏழு."

எனக்கு விளங்கவில்லை.

"நான் குத்தின ஏழு. சரிஞ்சு போச்சு."

ஜூன் 14ஆம் திகதி வெள்ளிக்கிழமை பின்னேரம் போல்ட்டை மாற்றிப் போட்டிருக்கிறார். பழைய இலக்கத்துக்கு மேலே 7719 என்று குத்தத் தொடங்கியிருக்கிறார். முதல் எழுத்திலேயே அச்சு வழுக்கி ஏழு சாய்ந்துவிட்டது. அவர் கை வைத்த எதுவும் சாய்ந்து இருந்ததில்லை. அதே மனநிலையில் மிச்சத்தையும் குத்த விருப்பமில்லாமல், திங்கட்கிழமை அதை அராவி எடுத்துவிட்டு முதலிலிருந்து நேராகக் குத்தலாம், அதற்குப் பிறகு வேலைப் புத்தகத்தில் பதியலாம் என்று வைத்துவிட்டு வந்திருக்கிறார். சனிக்கிழமை காலை நீங்கள் வந்துவிட்டீர்கள்.

போல்ட்டில் ஏன் இலக்கத்தை மாற்றிக் குத்தவில்லை என்று விசாரணையில் கேட்டதற்கு, "இலக்க அச்சு தலைமை அலுவலகத்திலயிருந்து வரேல்ல" என்று அவர் சொன்னார். எங்களுக்கும் அதைத்தான் சொன்னார். அம்மா அதை நம்பிச் செத்தார். அண்ணன் அந்த அச்சை அனுப்பாத யாரோ ஒருவனை நாற்பது வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார். அச்சு அப்பாவின் மேசை லாச்சியில் இருந்திருக்கிறது.

"ஏன் சொல்லேல்ல?" என்று கேட்டேன். கத்தினேன் என்று எழுதுவதுதான் சரி.

"சொன்னா என்ன சொல்லுவாங்கள்? இலக்கத்த மாத்திக்கொண்டிருந்தவன், அரைவாசியில பிடிபட்டிட்டான் எண்டு சொல்லுவாங்கள். அந்த ஏழு என்னைத் தூக்கில போட்டிருக்கும்."

அது உண்மை. இருந்தாலும் நான் அன்று இரவு அவரோடு சாப்பிடவில்லை. ஒரு சரிந்த ஏழுக்கு வெட்கப்பட்டு ஒரு மனிதன் திங்கட்கிழமை வரை காத்திருக்கலாம். தன் பிள்ளைகளிடம் நாற்பது வருடம் காத்திருக்க வேண்டுமா? உங்கள் மேல் உள்ள கோபம் குறைந்துவிட்டது என்று இதை வைத்து நினைக்க வேண்டாம். கூட ஒருவர் சேர்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

நாளை அவற்றை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். அந்தத் துவக்கைப் போய்ப் பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். நேரா இல்லாத ஏழை நான் ஏன் போய்ப் பாக்க?" என்றார். ஆனால் உங்கள் படியைத் திருப்பித் தர மறுக்கிறார். தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார். அது இனி உங்கள் கொப்பிக்கு வராது.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பத்திரிகைக்கு எழுதுங்கள், அதே பக்கத்தில், அதே அளவில். அந்தச் சரிந்த ஏழையும் எழுதுங்கள். அப்பா வேண்டாம் என்றார், நான் எழுதத்தான் வேண்டும் என்றேன். மறைத்து வைத்த எதுவும் இனி எங்கள் வீட்டில் இருக்கக்கூடாது. என் அண்ணனும் அதைப் பத்திரிகையில் வாசிக்கட்டும். அதற்கு முன் அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை வரை தவணை கொடுத்திருக்கிறேன்.

அடுத்தது பட்டியல். எங்கள் அலுவலகத்தில் பதிவேட்டில் ஒரு பிழை தெரிய வந்தால் நாங்கள் அதை அழிப்பதில்லை, வெட்டுவதில்லை, தாளைக் கிழிப்பதில்லை. பிழையான வரியைப் பிழையாகவே விட்டுவிட்டு, அதற்கு நேரே ஓரத்தில் சரியானதை எழுதி, திகதி போட்டுக் கையொப்பம் வைப்போம். எழுதியவர் உயிரோடு இருந்தால் அவர்தான் வந்து எழுத வேண்டும். வேறு யாரும் எழுதினால் செல்லாது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய பதிவிலும் அப்படித்தான் இருக்கிறது.

உங்கள் பட்டியலில் முப்பத்தோராவது வரி. எங்களிடம் உள்ளது பிரதிதான், எந்த அரசாங்கமும் அதை ஏற்றுக்கொள்ளாது என்று எனக்குத் தெரியும். ஏற்றுக்கொள்ளும்படி நான் யாரையும் கேட்கப் போவதில்லை. என் அப்பாவின் மேசையில், அவர் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஓரத்தில் எழுதப்பட வேண்டும். 3062 என்று எழுதிய அதே கையால்.

வரும் வியாழக்கிழமை, மார்ச் 21, காலை பத்து மணி. கறுப்பு மை கொண்டு வாருங்கள், நீலம் வேண்டாம். மாடிப்படி இல்லை, கீழ்வீடுதான், உங்கள் முழங்காலுக்குப் பிரச்சினை இராது. வந்ததும் அப்பாவைப் பார்த்து, அன்று அந்த அதிகாரி கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லுங்கள். "என்ன சொல்றான்?" என்று நான் கேட்பேன். நீங்கள் சொல்ல வேண்டும்.

பிறகு எழுதிவிட்டுப் போங்கள்.

வீட்டுக்கு வருகிறவருக்குத் தேத்தண்ணி கொடுக்க வேண்டும் என்று அப்பா சொல்கிறார். அவர் சொல்வார். தேத்தண்ணி ஊற்றுவது நான். ஊற்ற மாட்டேன்.

இமெல்டா